திறந்து போட்ட ஆயுதம்: படைத்தளவாடப் பராமரிப்பில் விபத்துகளும் தடுப்பும்

அமெரிக்காவின் ஆர்கன்ஸா மாநிலத்தில் டமாஸ்கஸ் என்று ஒரு சிற்றூர். அதன் அருகே நிலத்தடிக் கிடங்கில் நின்ற டைட்டன்-2 ஏவுகணையில், 1980 செப்டம்பர் 18 மாலை, தொட்டி ஒன்றுக்கு அழுத்தம் ஏற்றும் வழக்கமான வேலை நடந்தது. அதற்கு ஒரு மூடியைக் கழற்ற வேண்டும். டார்க் ரெஞ்ச் கொண்டுதான் கழற்ற வேண்டும் என்று பணிவிதி அண்மையில் மாற்றப்பட்டிருந்தது. டார்க் ரெஞ்ச் மேலே லாரியிலேயே தங்கிவிட்டது. பாதுகாப்பு உடையெல்லாம் மாட்டிக்கொண்டு கீழே இறங்கியாயிற்று, திரும்பிப் போனால் நேரமாகும் என்று, கையிலிருந்த பழைய ராட்செட்டில் சாக்கெட்டைப் பொருத்தினார்கள். சுமார் மூன்றரை கிலோ எடையுள்ள சாக்கெட் கழன்று விழுந்தது. மேடைக்கும் ஏவுகணைக்கும் இடையே இருந்த இடுக்கு வழியாக 80 அடி கீழே போய், மோதித் தெறித்து, முதல் அடுக்கின் எரிபொருள் தொட்டியைத் துளைத்தது. மறுநாள் விடியற்காலை மூன்று மணிவாக்கில் கிடங்கு வெடித்து, 740 டன் கதவு பறந்தது. ஒருவர் இறந்தார், 21 பேர் காயமடைந்தனர். ஏவுகணையின் தலையிலிருந்த ஒன்பது மெகாடன் அணுகுண்டு வெளியே போய் விழுந்தது. அது வெடிக்கவில்லை.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் சாக்கெட்டை நழுவவிட்ட இளைஞனோடு நிறுத்திக்கொள்வார்கள். கனத்த உடையும் தடித்த கையுறையுமாக நாள் முழுக்க வேலை பார்த்தவன் கையிலிருந்து ஏதாவது நழுவத்தான் செய்யும். நழுவியது தொட்டி வரை போக வழி ஏன் திறந்திருந்தது? ஒரு சாக்கெட்டைக்கூடத் தாங்காத மெல்லிய தொட்டிதான் என்றால், அதற்கு மேலே நின்று வேலை பார்க்கும் முறையை யோசித்திருக்க வேண்டியவர் யார்? இத்தனைக்கும் அதே மாநிலத்தில், அதே வகை ஏவுகணைக் கிடங்கில், 15 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு பெரும் பலி நடந்திருந்தது. 1965 ஆகஸ்ட் 9 அன்று சர்சி அருகே கிடங்கைச் சீரமைத்துக்கொண்டிருந்த 53 தொழிலாளர்கள் மாண்டார்கள். உள்ளே இருந்தவர்களில் இருவர்தான் பிழைத்தார்கள். வெல்டிங் கம்பி உயரழுத்த ஹைட்ராலிக் குழாயைச் சேதப்படுத்தி, பீய்ச்சிய எண்ணெய் தீப்பற்றியது என்பது விமானப்படை விசாரணையின் முடிவு. பெரும்பாலோரைக் கொன்றது தீயைவிடப் புகைதான்.

பணியில் இருக்கும் ஆயுதத்தைவிடப் பழுதுபார்க்கத் திறந்து போட்ட ஆயுதம் தன் ஆட்களுக்கு ஆபத்தானது. ஓடும்போது அதன் உறைகள் மூடியிருக்கும், தீயணைப்புக் குழாயில் தண்ணீர் இருக்கும், எச்சரிக்கை மணி வேலை செய்யும், எந்தப் பின் எங்கே என்று எல்லோருக்கும் தெரியும். ஒர்க்‌ஷாப்புக்கு வந்ததும் இவை ஒவ்வொன்றாகக் கழற்றப்படுகின்றன. ஆனால் உள்ளே எரிபொருள், அழுத்தம், மின்சாரம், வெடிமருந்து ஏதாவது மிச்சம் இருந்துகொண்டே இருக்கும். கடந்த 60 ஆண்டு விபத்துகளைத் தொகுத்துப் பார்த்தால் என் கணிப்பு இது: தப்பைச் செய்ய முடியாதபடி கருவியை வடிவமைப்பதும், கடைநிலை மெக்கானிக்குக்கும் வேலையை நிறுத்தும் உரிமை தருவதும்தான் உயிர் காத்திருக்கின்றன. சுவரொட்டி, உறுதிமொழி, பாதுகாப்பு வாரம் எல்லாம் அவற்றுக்கு வெகு பின்னால் வருபவை. படைகள் இந்த இரண்டிலும் பலவீனமாக இருப்பதற்கு, அவை பெருமையாகக் கருதும் குணமே காரணம். சொன்ன வேலையைக் கேள்வி கேட்காமல் முடித்துக் கொடுப்பவன்தான் அங்கே நல்ல சிப்பாய்.

பழுதுபார்க்கும் இடத்தில் அதிகம் எரிந்தவை கப்பல்கள். 1960 டிசம்பர் 19 அன்று நியூயார்க்கின் புரூக்ளின் கப்பற்தளத்தில், கட்டி முடிக்கப்படாத கான்ஸ்டலேஷன் என்ற விமானந்தாங்கிக் கப்பலில், ஃபோர்க்லிஃப்ட் தள்ளிய சாமான் எரிபொருள் தொட்டியின் அடைப்பானை உடைத்தது. சிந்திய எரிபொருள் கீழே வெட்டு வேலை நடந்த இடத்துக்கு ஓடிப் பற்றிக்கொண்டது. 50 தொழிலாளர்கள் இறந்தார்கள். 2012 மே மாதம் மெய்ன் மாநிலத்தில் கிட்டரி தளத்தில் இருந்த மயாமி நீர்மூழ்கிக்குப் பெயின்ட் வேலைக்கு வந்த ஒருவரே தீ வைத்தார். அவருக்கு 17 ஆண்டு சிறை கிடைத்தது. கப்பல் பழைய இரும்பானது. அந்தத் தீயிலிருந்து பாடம் கற்று, பழுதுபார்ப்பில் இருக்கும் கப்பலில் தீத் தடுப்பு எப்படி என்று அமெரிக்கக் கடற்படை விரிவான கையேடு ஒன்றைத் தயாரித்தது.

எட்டே ஆண்டுகளில் அந்தக் கையேட்டின் மதிப்பு தெரிந்தது. 2020 ஜூலை 12, ஞாயிற்றுக்கிழமை காலை, சான் டியேகோ துறையில் ரீஃபிட் என்னும் பெரும் பழுதுபார்ப்பில் நின்ற பானம் ரிச்சர்ட் போர்க்கப்பலின் கீழ்த்தளத்தில் புகை தெரிந்தது. அந்தத் தளத்தில் வாகனங்களும் அட்டைப் பெட்டிகளும் ஒப்பந்தக்காரர்களின் சாமான்களும் குவிந்து கிடந்தன. கதவுகளின் குறுக்கே கேபிள்களும் குழாய்களும் ஓடியதால் தளங்களை மூடித் தீயைத் தடுக்க முடியவில்லை. கப்பலின் தீயணைப்பு நிலையங்களில் 87 சதவீதம் பராமரிப்புப் பட்டியலிலேயே செயலற்றவையாகக் கிடந்தன. நுரை பீய்ச்சும் அமைப்புக்கு ஒரு பொத்தானை அழுத்த வேண்டும்; அதை யாரும் அழுத்தவில்லை. நகரத் தீயணைப்புப் படையின் குழாய்கள் கப்பல் இணைப்புகளோடு பொருந்தவில்லை. நான்கு நாளுக்கு மேல் எரிந்தது. 60-க்கும் மேற்பட்டோர் சிகிச்சை பெற்றார்கள், நல்ல வேளையாக யாரும் சாகவில்லை. இளம் மாலுமி ஒருவர்மீது தீவைப்பு வழக்குத் தொடுத்தார்கள். 2022-இல் ராணுவ நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தது. யார் கொளுத்தினார் என்ற கேள்வி கடைசியில் முக்கியமற்றதாகிவிட்டது. எப்படிப் பற்றினாலும் அணைத்திருக்கக்கூடிய தீ அது என்றுதான் கடற்படையின் சொந்த விசாரணையே சொன்னது. மயாமிக்குப் பின் எழுதிய விதிகளைக் கடைப்பிடிக்கத் தவறியதையும் அது பட்டியலிட்டது.

இங்கே கவனிக்க வேண்டியது பொறுப்பு எப்படிச் சிதறியது என்பதை. துறையில் நிற்கும் கப்பலுக்கு மூன்று முதலாளிகள்: கப்பலின் தலைவர், பழுதுபார்ப்பை மேற்பார்க்கும் கடற்படை மையம், ஒப்பந்த நிறுவனம். வெல்டிங்குக்குப் பெர்மிட் கொடுப்பவர் ஒருவர், தீக்காவலுக்கு ஆள் நிறுத்துபவர் இன்னொருவர், குழாயில் தண்ணீரை நிறுத்திவைத்தவர் மூன்றாமவர். அவரவர் கோப்பில் அவரவர் வேலை சரியாகவே முடிந்திருக்கும். ரஷ்யாவின் அட்மிரல் குஸ்நெட்சோவ் விமானந்தாங்கிக் கப்பல் மூர்மன்ஸ்கில் பழுதுபார்க்கப்படும்போது 2018-இல் அதைத் தாங்கிய மிதவைத்துறை மூழ்கிக் கிரேன் தளத்தின்மேல் சாய்ந்ததும், மறு ஆண்டு டிசம்பரில் தீப்பிடித்ததும் இதே வகை. மும்பைக் கப்பற்தளத்தில் ரீஃபிட்டில் இருந்த ஐஎன்எஸ் பிரம்மபுத்ரா 2024 ஜூலை 21 அன்று தீப்பிடித்துப் பக்கவாட்டில் சாய்ந்தது. ஒரு மாலுமி இறந்தார். 2016 டிசம்பர் 5 அன்று அங்கேயே ஐஎன்எஸ் பேத்வா உலர்துறையிலிருந்து வெளியேறும்போது தாங்குகட்டைகளிலிருந்து நழுவிக் கவிழ்ந்ததில் இரு மாலுமிகள் இறந்தார்கள், 14 பேர் காயமடைந்தார்கள்.

தீக்கு அடுத்தது மூச்சு. 2016 ஜூன் 10 அன்று கார்வாரில் ஐஎன்எஸ் விக்ரமாதித்யாவின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு அறையில் பராமரிப்பு வேலை செய்தபோது நச்சுவாயு தாக்கி இருவர் மாண்டனர். ஒருவர் கடற்படை ஊழியர், மற்றவர் ஒப்பந்தத் தொழிலாளி. அன்று நாட்டின் மிகப்பெரிய போர்க்கப்பலாக இருந்ததில் நடந்த அந்தச் சாவு, நம் ஊர்களில் கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்குகிறவர்கள் சாகும் அதே சாவுதான். தேங்கிய கழிவிலிருந்து எழும் ஹைட்ரஜன் சல்ஃபைடு குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மோப்ப உணர்வையே மழுக்கிவிடும், நாற்றம் போய்விட்டதே என்று நம்பி இறங்குகிறவர் திரும்புவதில்லை. அவரைத் தூக்கப் போகிறவரும் விழுகிறார். இதற்குப் புதிய கண்டுபிடிப்பு எதுவும் வேண்டாம். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 36-ஆவது பிரிவே சொல்லியிருந்தது: தகுதியுள்ள ஒருவர் சோதித்து எழுத்தில் சான்று தந்திருந்தால், அல்லது உள்ளே போகிறவர் உரிய சுவாசக்கருவியும் வெளியே ஒருவர் பிடித்திருக்கும் கயிறு கட்டிய பட்டையும் அணிந்திருந்தால் அன்றி அப்படிப்பட்ட இடத்துக்குள் எவரும் போகக் கூடாது. வாயுமானி ஒன்று கைக்குள் அடங்கும். அதை வாங்குவதில் இல்லை சிக்கல். மீட்டர் எச்சரித்தால் வேலை நின்றுவிடும், கப்பல் கிளம்பும் தேதி தள்ளிப்போகும், அந்தத் தேதியை மேலே சொல்லியாயிற்று என்பதில்தான் இருக்கிறது.

மூன்றாவது வகை ஆபத்து, அடைபட்டுக் கிடக்கும் ஆற்றல். எஞ்சினை அணைத்த பின்னும் ஹைட்ராலிக் குழாயில் அழுத்தம் இருக்கும். ஊசிமுனைத் துளையிலிருந்து கசியும் எண்ணெய் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் தோலைத் துளைத்து உள்ளே போகும். முதலில் ஒரு சிறு புள்ளிதான் தெரியும், வலிகூட இராது. சில மணி நேரத்தில் விரல் கறுக்கத் தொடங்கினால் உறுப்பையே எடுக்க வேண்டியிருக்கலாம். கசிவு எங்கே என்று விரலால் தடவிப் பார்ப்பது மெக்கானிக்குகளின் பழக்கம். அட்டைத் துண்டைக் காட்டிப் பார்க்க வேண்டும் என்பது பயிற்சியில் சொல்லித் தருவது. பழக்கத்துக்கும் பயிற்சிக்கும் நடுவில்தான் விரல் போகிறது. கனரக லாரியின் பிளவுரிம் சக்கரத்துக்குக் காற்றடிக்கும்போது வளையம் தெறித்தால் எதிரே நிற்பவரின் தலை தப்பாது. அதனால்தான் இரும்புக்கூண்டுக்குள் வைத்துக் காற்றடிக்கிறார்கள். நேரமில்லாத அன்று கூண்டுக்கு வெளியே காற்றடிக்கப்படுவதும் உண்டு.

மேற்கு ஜெர்மனியின் ஹைல்பிரோன் அருகே 1985 ஜனவரி 11 அன்று நடந்தது இன்னும் நுட்பமானது. அமெரிக்கப் படையினர் பெர்ஷிங்-2 ஏவுகணையின் திட எரிபொருள் பகுதியைப் பெட்டியிலிருந்து தூக்கினார்கள். கடுங்குளிர், வறண்ட காற்று. எஃகுக்குப் பதிலாகக் கெவ்லார் இழையால் ஆன அதன் உறை பெட்டியோடு உரசியதில் நிலைமின்னேற்றம் திரண்டு, எரிபொருளுக்குள்ளேயே பொறி பாய்ந்தது. மூன்று வீரர்கள் இறந்தார்கள், 16 பேர் காயமடைந்தார்கள். அவர்கள் எந்த விதியையும் மீறவில்லை. இப்படியொரு ஆபத்து இருக்கிறது என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. வடிவமைத்தவர்களும் முழுதாக உணர்ந்திருக்கவில்லை. கவனமாக இரு என்ற அறிவுரை இங்கே என்ன செய்யும்?

அதே ஆண்டு ஆகஸ்ட் 10, விளாதிவஸ்தோக் பக்கம் சாஷ்மா விரிகுடா. கே-431 நீர்மூழ்கியின் அணுவுலையில் எரிபொருள் மாற்றி மூடியை வைத்தார்கள். மூடி சரியாகப் பொருந்தவில்லை. முறைப்படி தெரிவித்து, துறையில் படகுப் போக்குவரத்தை நிறுத்தி, பிறகே மறுபடி தூக்கியிருக்க வேண்டும். அதற்கெல்லாம் காத்திருக்காமல் தூக்கினார்கள். அந்நேரம் விரைந்து சென்ற ஒரு படகின் அலையில் கிரேன் கப்பல் ஆட, மூடி கட்டுப்பாட்டுக் கம்பிகளோடு அளவுக்கு மேல் எழும்பியது. அணுத்தொடர்வினை கட்டுமீறிய வெடிப்பில் பத்துப் பேர் அங்கேயே மாண்டார்கள். பத்து நிமிடம் வேலையை நிறுத்தச் சொல்லும் துணிச்சல் ஒருவருக்கும் வரவில்லை, அல்லது வந்தவர் சொல்ல முடியாத இடத்தில் இருந்தார்.

கழற்றுவதைவிடப் பூட்டுவதில்தான் பிழை அதிகம். பராமரிப்புப் பிழைகளை ஆராய்ந்த உளவியலாளர் ஜேம்ஸ் ரீசன் ஓர் எளிய கணக்குச் சொல்வார்: எட்டு நட்டுகள் கோத்த ஒரு போல்ட்டைக் கழற்ற ஒரே வழிதான், திரும்பக் கோக்கும் வரிசைகளோ 40,320, அவற்றில் ஒன்றுதான் சரி. தவறாகக் கோத்தது வெளியிலிருந்து பார்த்தால் தெரியவும் தெரியாது. 2017 ஜூன் 14 அன்று வேல்ஸின் காசில்மார்ட்டின் சுடுதளத்தில் பிரிட்டிஷ் சேலஞ்சர்-2 டாங்கியில் நடந்தது அதுதான். பீரங்கியின் பின்பகுதியில் வாயு கசியாமல் அடைக்கும் உறுப்பு ஒன்று, சுத்தப்படுத்தக் கழற்றப்பட்டது திரும்பப் பொருத்தப்படவில்லை. அது இல்லாமலேயே பீரங்கி சுட்டது. எரியும் வாயு கோபுரத்துக்குள் பாய்ந்தது; பெட்டிக்கு வெளியே வைத்திருந்த வெடிமருந்துப் பைகள் பற்றிக்கொண்டன. இருவர் இறந்தார்கள், இருவர் படுகாயமடைந்தார்கள். மரண விசாரணை அதிகாரி பொருத்த மறந்தவரை முதல் காரணமாகச் சொல்லவில்லை. அந்த உறுப்பு இல்லாமலும் சுட முடிகிற வடிவமைப்பையே சொன்னார். இல்லாவிட்டால் சுடாது என்று பீரங்கி அமைந்திருந்தால் அன்று நடந்திருக்கக்கூடியது பத்து நிமிடத் தாமதமும் சில வசவுகளும்தான்.

2011 நவம்பரில் பிரிட்டிஷ் வானூர்தி சாகசக் குழுவின் விமானி ஒருவர் தரையில் நின்ற விமானத்திலிருந்து இருக்கையோடு தூக்கியெறியப்பட்டு இறந்ததும் இதையே காட்டுகிறது. இருக்கையை வெளியேற்றும் கைப்பிடி பாதி இழுபட்ட நிலையில் இருந்தும், பாதுகாப்புப் பின் செருகியிருந்ததால் எல்லாம் சரியாக இருப்பதுபோல் தோன்றியது. மேலே போன பிறகு பாராசூட்டும் விரியவில்லை. ஓர் இணைப்பிலுள்ள நட்டை அதிகமாக இறுக்கியிருந்ததால் அது விடுபடவில்லை. நட்டை அப்படி இறுக்கினால் இணைப்பு சிக்கிக்கொள்ளும் என்ற எச்சரிக்கையை விமானப்படைக்குத் தெரிவிக்காத குற்றத்துக்காக, இருக்கையைத் தயாரித்த மார்ட்டின்-பேக்கர் நிறுவனத்துக்கு 2018-இல் 11 லட்சம் பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது. இறுக்கிய மெக்கானிக்கைப் பொறுத்தவரை, நன்றாக இறுக்குவது நல்ல வேலை.

வெடிக்காத, எரியாத விபத்துகள் செய்தியில் வருவதில்லை. ஆஸ்திரேலிய விமானப்படையின் அம்பர்லி தளத்தில் எஃப்-111 விமானங்களின் எரிபொருள் தொட்டிகள் கசிந்தன. 1970-களிலிருந்து ஏறக்குறைய கால் நூற்றாண்டு, பணியாளர்கள் அந்தத் தொட்டிகளுக்குள் தவழ்ந்து நுழைந்து, பழைய பூச்சைக் கரைப்பான்களால் அகற்றிப் புதிய பூச்சுப் பூசினார்கள். நாற்றம் உடம்பில் ஒட்டிக்கொண்டது. மற்றவர்கள் பக்கத்தில் உட்காரத் தயங்கினார்கள். தோல் நோய், நரம்புக் கோளாறு, மன அழுத்தம் என்று நூற்றுக்கணக்கானோர் பாதிக்கப்பட்டார்கள். பறக்கும் இயந்திரத்துக்குக் கொடுத்த கவனம் அதைப் பழுதுபார்க்கும் மனிதனுக்குக் கொடுக்கப்படவில்லை என்பதுதான் 2001-ஆம் ஆண்டு விசாரணையின் சாரம். விமானம் விழுந்திருந்தால் மறுநாளே குழு அமைத்திருப்பார்கள்; ஆட்கள் மெல்ல மெல்ல விழுந்ததால் 20 ஆண்டுகளுக்கு மேல் ஆனது. நெதர்லாந்தில் அமெரிக்கத் தளவாடங்களைப் பராமரித்த கிடங்குகளில் 1984 முதல் 2006 வரை வேலை பார்த்தவர்கள், பழைய பெயின்ட்டைச் சுரண்டும்போது குரோமியம்-6 தூசியைச் சுவாசித்தார்கள். அரசு ஆய்வறிக்கை 2018-இல் வந்தது, அமைச்சகம் மன்னிப்புக் கேட்டது. அமெரிக்க முன்னாள் படையினர் இழப்பீடு பெறும் குறைபாடுகளில் மிகப் பரவலானது காதில் ஓயாமல் கேட்கும் இரைச்சல். அதற்குக் குண்டு மட்டும் காரணமில்லை, எஞ்சின் அறையும் விமான ஓடுதளமும் காரணம்.

பலன் கொடுத்த தடுப்பு எதுவும் இல்லையா? இருக்கிறது. 1963 ஏப்ரல் 10 அன்று அமெரிக்க நீர்மூழ்கி திரெஷர், பழுதுபார்ப்பு முடிந்து சோதனைக்குப் போன இடத்தில் 129 பேரோடு மூழ்கியது. அதற்கு முன்பே அதன் குழாய் இணைப்புகளில் ஒரு பகுதியை மீயொலியால் சோதித்ததில் 14 சதவீதம் தரக்குறைவு என்று தெரிந்திருந்தும், மற்றவற்றைச் சோதிக்காமல் விட்டிருந்தார்கள். அந்த ஆண்டே சப்சேஃப் என்ற திட்டம் வந்தது. கடல்நீர் உள்ளே வராமல் தடுக்கும் ஒவ்வொரு உறுப்புக்கும் அது எந்த உலோகம், யார் பொருத்தினார், யார் சோதித்தார் என்று ஆதாரம் இருக்க வேண்டும். ஆதாரம் இல்லையென்றால் வேலை நடக்கவில்லை என்றே பொருள், கப்பல் முழுக முடியாது. தளபதி அவசரப்பட்டாலும் சான்று தருபவர் மறுக்கலாம், அவர் தளபதியின் கீழ் வேலை செய்பவர் அல்லர். அதன்பின் அந்தக் கடற்படையில் கடலில் மூழ்கிப்போன ஒரே நீர்மூழ்கி 1968-இல் ஸ்கார்ப்பியன். அதற்குச் சப்சேஃப் சான்று இல்லை.

காகிதம் கூடுவதையே பாதுகாப்பு என்று எண்ணினால் நேர்வது என்னவென்பதற்கும் சான்று உண்டு. 2006-இல் ஆப்கானிஸ்தான் மேல் எரிந்து விழுந்து 14 பேரைப் பலிகொண்ட பிரிட்டனின் நிம்ராட் விமானத்துக்குப் பக்கம் பக்கமாகப் பாதுகாப்பு ஆவணம் இருந்தது. 30 ஆண்டு பறந்த விமானம் பத்திரமானதாகத்தான் இருக்கும் என்று முடிவுகட்டிவிட்டு எழுதிய ஆவணம் அது என்று 2009-இல் வழக்கறிஞர் ஹேடன்-கேவ் தன் விசாரணை அறிக்கையில் காய்ச்சியெடுத்தார். விமானப் பணிமனைகளில் ஒவ்வொரு கருவிக்கும் அதன் உருவம் வெட்டிய பலகையில் தனி இடம் இருக்கும். மாலையில் ஒரு குழி காலியாகத் தெரிந்தால் அந்த ஸ்பேனர் கிடைக்கும்வரை விமானம் கிளம்பாது. காகிதமே தேவைப்படாத சோதனை அது, யார் கண்ணுக்கும் தப்பாது. ஆனால் ஸ்பேனரைக் காணோம் என்று சொன்னவனுக்குத் தண்டனை கொடுத்தால், அடுத்தவன் கடையில் ஒன்று வாங்கிக் குழியை நிரப்பிவிடுவான். தொலைந்தது விமானத்துக்குள்ளேயே கிடக்கும். தவறை ஒப்புக்கொண்டவனைத் தண்டிக்காமலும், வேண்டுமென்றே விதியை மீறியவனை விட்டுவிடாமலும் இருப்பது ஒழுங்கு நடவடிக்கைக்குப் பழகிய அமைப்புகளுக்கு எளிதல்ல. சில விமானப்படைகள் பெயர் சொல்லாமல் பிழையைப் பதிவுசெய்ய வழிசெய்திருக்கின்றன. அப்படிப்பட்ட படைகளில் பதிவாகும் பிழைகளின் எண்ணிக்கை கூடுவதை நல்ல அறிகுறியாக எடுத்துக்கொள்ள வேண்டும். நம் அதிகாரிகளுக்கு அதுவே மிகக் கடினமான பாடமாக இருக்கும்.

இந்தியாவில் 2014 பிப்ரவரி 26 அன்று, பழுதுபார்ப்பு முடிந்து சோதனையோட்டத்தில் இருந்த ஐஎன்எஸ் சிந்துரத்னா நீர்மூழ்கியில் புகை சூழ்ந்து இரு அதிகாரிகள் இறந்தபோது, கடற்படைத் தளபதி டி.கே.ஜோஷி அன்றே பதவி விலகினார். நம் அரசியலில் அரிதான செயல் அது, மதிக்கிறேன். ஆனால் ஒருவர் விலகியதோடு பொதுவெளியில் பேச்சும் ஏறக்குறைய முடிந்துவிட்டது. இத்தகைய விபத்துகளுக்குப் பின் படைகள் நடத்தும் விசாரணைகளின் அறிக்கைகள் இங்கே பொதுவாக வெளியிடப்படுவதில்லை. நாடாளுமன்றத்தில் சில வரிப் பதில் வரும், அவ்வளவுதான். பானம் ரிச்சர்ட் பற்றியும் காசில்மார்ட்டின் பற்றியும் மேலே இவ்வளவு எழுத முடிந்ததும், பேத்வா பற்றி ஒரு வாக்கியத்தோடு நிறுத்த வேண்டியிருந்ததும் அதனால்தான். தாங்குகட்டைகள் எப்படி அடுக்கப்பட்டன, கணக்கிட்டவர் யார், சரிபார்த்தவர் யார் என்பதில் எதிரிக்குப் பயன்படும் ரகசியம் என்ன இருக்கிறது? விசாகப்பட்டினத்திலும் கொச்சியிலும் நாளை ஒரு கப்பலை உலர்துறையில் ஏற்றும் ஃபோர்மனுக்கு அதில் வேண்டிய தகவல் நிறைய இருக்கும்.

வெளியிடுவதில் இன்னொரு பயனும் உண்டு. துறைமுகத்திலும் பணிமனையிலும் ஆபத்தான வேலைகளில் பெரும்பகுதி, தொட்டி சுத்தப்படுத்துவது, துருச் சுரண்டுவது, பெயின்ட் அடிப்பது, வெல்டிங் செய்வது எல்லாம், ஒப்பந்தத் தொழிலாளர்களின் கையில் போய்க்கொண்டிருக்கிறது. கார்வாரில் ஒரே அறையில் இறந்த இருவரைப் போல ஒரு சீருடை ஊழியரும் ஓர் ஒப்பந்தத் தொழிலாளியும் சேர்ந்து மாண்டால், முதலாமவரின் குடும்பத்துக்குப் படையின் ஓய்வூதிய விதிகள். இரண்டாமவரின் குடும்பத்துக்குத் தொழிலாளர் இழப்பீடோ ஈஎஸ்ஐயோ, அதுவும் ஒப்பந்தக்காரர் பெயர்ப் பதிவை ஒழுங்காக வைத்திருந்தால். விபத்து எப்படி நடந்தது என்று காட்டும் அறிக்கை அந்தக் குடும்பத்தின் கைக்குப் போக இப்போது வழியில்லை. வேலையை நிறுத்தும் உரிமை அவருக்கு இருந்ததா, நிறுத்தியிருந்தால் அன்றைய கூலி கிடைத்திருக்குமா என்று அந்த அறிக்கை கேட்டிருக்க வேண்டும்.